டின்னுக்குள் எத்தனை மில்லிகிராம்?
எனர்ஜி டிரிங்க்: வாசகர் கேள்விகளும் மருத்துவக் குழுவின் பதில்களும்

கேள்வி: எனர்ஜி டிரிங்க் டின்னில் பொடி எழுத்தில் என்னென்னவோ அச்சடித்திருக்கிறார்கள். அத்தனையும் படிக்கப் பொறுமை இல்லை. எதைப் பார்த்தால் போதும்?

பதில்: 100 மி.லி.க்கு எவ்வளவு காஃபின், டின்னின் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு என்ற இரண்டை முதலில் பாருங்கள். 100 மி.லி.க்கு 32 மி.கி. என்று போட்டிருந்தால் 250 மி.லி. டின்னில் 80 மி.கி. இருக்கிறது. அதே பானத்தின் 500 மி.லி. டின்னில் 160 மி.கி. "ஒரு டின்தானே குடித்தேன்" என்று சொல்பவர் எந்த டின்னைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்துக் கணக்கு இரட்டிப்பாகிவிடும். சில டின்களில் அளவை "ஒரு பரிமாறலுக்கு" என்று எழுதி, ஒரு டின்னில் இரண்டு பரிமாறல் என்பதை வேறொரு மூலையில் போட்டிருப்பார்கள். அதையும் தேடிப் பாருங்கள். 60 மி.லி. கூட வராத குட்டிக் குப்பிகளில் 200 மி.கி. வரை அடைத்து விற்பதும் உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க: 240 மி.லி. டிகாஷன் காபியில் பால் சேர்க்காத நிலையில் சுமார் 95 மி.கி., அதே அளவு பால் சேர்க்காத தேநீரில் 50-க்குச் சற்றுக் குறைவு, 355 மி.லி. கோலாவில் சுமார் 34 மி.கி. காஃபின் இருக்கும். உடல்நலமுள்ள பெரியவர் ஒரு நாளில் மொத்தம் 400 மி.கி., ஒரே வேளையில் 200 மி.கி. வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் வரையறுத்தது. காபி, தேநீர், கோலா, சாக்லேட், சில தலைவலி மாத்திரைகள் எல்லாம் இந்த 400-க்குள் அடங்க வேண்டும்.

காபியின் கணக்கும் இதே அளவுதானே, பிறகு ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்று கேட்கலாம். சூடான காபியை ஆற அமரக் குடிக்கிறோம். குளிரூட்டிய, இனிப்பான 500 மி.லி. பானம் ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. கசப்பு நாக்கில் படாததால் "போதும்" என்ற உணர்வும் வருவதில்லை.

மூன்றாவதாகச் சர்க்கரை. பல பானங்களில் 100 மி.லி.க்கு 11 கிராம். 250 மி.லி.யில் 27 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு வெளியிலிருந்து சேரும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சின்ன டின் ஒன்றிலேயே அது தாண்டிவிடுகிறது.

கேள்வி: தேர்வு நேரத்தில் இரவு பத்து மணிக்கு ஒரு பெரிய டின் குடித்துவிட்டு விடிய விடியப் படிக்கிறேன். படிக்கவும் முடிகிறது. ஆனால் மறுநாள் தேர்வு அறையில் மூளை மந்தமாக இருக்கிறது. ஏன்?

பதில்: விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தன் ஏற்பிகளில் போய் உட்காரும்போதுதான் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. காஃபின் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அடினோசின் குறைவதில்லை, உங்களுக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. எரிபொருள் காட்டும் முள்ளைத் துணியால் மூடிவிட்டு வண்டி ஓட்டுவது போன்றது இது. காஃபின் இறங்கியதும் தேங்கிய அசதி மொத்தமாக வந்து விழும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். காஃபினில் பாதி உடலை விட்டு வெளியேறப் பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்துக்கு 160 மி.கி. உள்ளே போனால் அதிகாலை மூன்று மணிக்கு 80, காலை எட்டு மணிக்கு 40 மி.கி. மிச்சம் இருக்கும். மூன்று மணிக்குப் படுத்தாலும் ஏறக்குறைய ஒரு சின்ன டின்னைக் குடித்துவிட்டுப் படுத்ததற்குச் சமம். தூங்கியது போலத் தோன்றினாலும் ஆழ்ந்த உறக்கம் குறைந்திருக்கும். படித்தது நினைவில் பதிவதே அந்த உறக்கத்தில்தான். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மி.கி. காஃபின் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததை 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பத்து மணிக்குப் படுப்பவர் என்றால் பிற்பகல் இரண்டு மணியோடு காஃபினை நிறுத்திவிடுங்கள். பகலில் கண் சொருகினால் ஒரு கப் காபி குடித்துவிட்டு உடனே அலாரம் வைத்து 15 முதல் 20 நிமிடம் படுங்கள். காஃபின் வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும் என்பதால், எழும்போது குட்டித் தூக்கத்தின் பலனும் காஃபினின் பலனும் சேர்ந்து கிடைக்கும். 20 நிமிடத்தைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவீர்கள். எழுந்த பிறகு தலை கனக்கும்.

கேள்வி: என் மகனுக்கு வயது 14, எடை 45 கிலோ. நண்பர்களோடு விளையாடப் போகும்போது குடிக்கிறான். வாரத்துக்கு ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லையா?

பதில்: கூடாது, அம்மா. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் எனர்ஜி டிரிங்க் தேவையே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே சொல்லிவிட்டது. லிதுவேனியா 2014-லும், லாட்வியா 2016-லும், போலந்து 2024-லும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதையே தடைசெய்தன.

அந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு 3 மி.கி. என்பது ஒரு நாளின் உச்சவரம்பு. உங்கள் மகனுக்கு 135 மி.கி. ஒரு பெரிய டின் அதைத் தாண்டிவிடும். சின்ன டின்னோடு ஒரு காபி சேர்ந்தாலும் தாண்டிவிடும்.

திட்டினால் ஒளித்துக் குடிப்பான். டின்னைக் கையில் கொடுத்து, மேலே சொன்ன பெருக்கலை அவனையே போடச் சொல்லுங்கள். பிறகு 27 கிராம் சர்க்கரையை ஒரு தட்டில் கொட்டிக் காட்டுங்கள். ஏழு தேக்கரண்டி வரும். படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல், இரவில் தூக்கமின்மை, காலையில் எழ மறுப்பது ஆகியவை இருந்தால் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகக் குடிக்கிறான் என்று பொருள். கவனக்குறைபாட்டுக்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து எடுக்கும் பிள்ளைகள் இதைத் தொடவே கூடாது. இரண்டுமே இதயத்தை விரட்டும்.

கேள்வி: இந்தப் பானங்களில் சேர்க்கும் டாரின் என்பது காளை மாட்டின் உடலிலிருந்து எடுக்கப்படுவதாமே? குவாரனா, ஜின்செங், பி வைட்டமின் எல்லாம் உண்மையில் தெம்பு தருமா?

பதில்: டாரின் முதன்முதலில் 1827-ல் எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. வதந்திக்கு வேர் அதுதான். இன்று பானங்களில் சேர்ப்பது ஆலையில் வேதிமுறையில் தயாரிக்கப்படுவது. நம் உடலே டாரினை உருவாக்குகிறது, மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. 250 மி.லி. டின்னில் சுமார் 1,000 மி.கி. இருக்கும். டாரின், அதோடு சேர்க்கும் குளுக்குரோனோலாக்டோன் என்ற பொருள் இரண்டும் இந்தப் பானங்களில் உள்ள அளவில் கவலைக்குரியவை அல்ல என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் முடிவு சொன்னது. தெம்பு வருவது பெரும்பாலும் காஃபினாலும் சர்க்கரையாலும்தான்.

கவனிக்க வேண்டியது குவாரனா. அமேசான் பகுதிக் கொடியின் விதை அது. "மூலிகைச் சாறு" என்று தனியாக எழுதப்பட்டிருந்தாலும் அதில் இருப்பதும் காஃபின்தான், அதுவும் காபிக்கொட்டையைவிட அதிகமாக. காஃபின் அளவு போடாமல் குவாரனா பெயரை மட்டும் போட்டிருக்கும் பானத்தை வாங்காதீர்கள்.

ஜின்செங் என்ற மூலிகை வேர் பலருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் பலனைக் குறைக்கக்கூடும்.

பி வைட்டமின்கள் உணவிலிருந்து ஆற்றலைப் பிரிக்க உடலுக்கு உதவுபவை. குறைபாடு இல்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் தெம்பு வராது. அளவு மீறினால் தொல்லை உண்டு. 100 மி.லி.க்கு 2 மி.கி. பி6 என்றால் பெரிய டின்னில் 10 மி.கி. ஆகிறது. பெரியவருக்கு ஒரு நாளின் பாதுகாப்பான உச்சவரம்பு 12 மி.கி. என 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் குறைத்துவிட்டது. பி6 நீண்ட நாள் மிகுந்தால் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு மரத்துப்போகும். பி3 எனப்படும் நியாசின் மிகுந்தால் முகம் சிவந்து எரியும். மூன்று வாரம் தினமும் நான்கைந்து எனர்ஜி டிரிங்க் குடித்த ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2016-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. ஒரு பாட்டிலில் 40 மி.கி. நியாசின் இருந்தது. அதையே காரணமாக மருத்துவர்கள் கருதினார்கள்.

கேள்வி: ஜிம்முக்குப் போகும் முன் எனர்ஜி டிரிங்க் நல்லதா, ஸ்போர்ட்ஸ் டிரிங்க் நல்லதா?

பதில்: பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் என்பது நீர், உப்பு, 6 முதல் 8 சதவீதம் சர்க்கரை. வியர்வையில் போனதை ஈடுகட்ட உருவானது. எனர்ஜி டிரிங்கில் சர்க்கரை 11 சதவீதம். அந்தச் செறிவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். ஓடும்போது வயிறு குலுங்கும், பிடித்து இழுக்கும். வாயு வேறு உப்பச் செய்யும்.

காஃபின் உடற்பயிற்சித் திறனைக் கூட்டும் என்பது உண்மைதான். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு கிலோ எடைக்கு 3 மி.கி. போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அதற்கு இரண்டு கப் காபியே கிட்டத்தட்ட உதவிவிடும். ஒரு மணி நேரத்துக்குட்பட்ட சாதாரணப் பயிற்சிக்குத் தண்ணீரே சரி. பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடரை எனர்ஜி டிரிங்கில் கலக்கிக் குடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பவுடரின் ஒரு கரண்டியிலேயே 150 முதல் 300 மி.கி. இருக்கலாம்.

கேள்வி: எனக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. இரவுப் பணிக்கு இந்தப் பானம்தான் துணை. ஆபத்தா?

பதில்: ஆபத்தான துணைதான். 2019-ல் அமெரிக்க இதயச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில், 18 முதல் 40 வயதுள்ள 34 நலமான தன்னார்வலர்கள் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான எனர்ஜி டிரிங்கை ஒரு மணி நேரத்துக்குள் குடித்தார்கள். அவர்களுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்தது. இதயத்துடிப்பின் மின்சுழற்சியில் கியூடி எனப்படும் இடைவெளி, பானம் குடித்து நான்கு மணி நேரம் கழித்தும் நீண்டிருந்தது. அந்த இடைவெளி அளவு மீறி நீண்டால் துடிப்பு தாளம் தப்பும். நலமான இளைஞருக்குச் சிறிய மாற்றம்தான். ஏற்கெனவே அழுத்தமோ, பிறவியிலேயே கியூடி கோளாறோ, குடும்பத்தில் இளவயது திடீர் மரணமோ இருப்பவர்களுக்கு அது சிறியதல்ல.

காபியேகூட உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். குடிக்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அழுத்தத்தை அளந்து குறியுங்கள். குடித்த அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மீண்டும் அளங்கள். 5 முதல் 10 புள்ளி ஏறினால் காஃபின் உங்கள் அழுத்தத்தை உயர்த்துகிறது. குறித்த தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.

வேறு மருந்துகளையும் அவரிடம் சொல்லுங்கள். நுண்ணுயிர்க்கொல்லியான சிப்ரோஃபுளாக்சசின், மனநல மருந்தான ஃபுளுவாக்சமைன் ஆகியவை காஃபின் உடலில் சிதைவதைத் தாமதப்படுத்தும். கருத்தடை மாத்திரையும் அப்படியே. ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் காஃபினின் உறவுக்காரர், பக்க விளைவுகள் இரட்டிக்கும். புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு ஒரு தகவல்: புகை காஃபினை வேகமாகச் சிதைக்க வைக்கும். நிறுத்தியதும் பழைய அளவே படபடப்பைக் கொடுக்கும்.

குடித்த பின் நெஞ்சு வலி, ஓயாத படபடப்பு, மயக்கம், வலிப்பு, விடாத வாந்தி என எது வந்தாலும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். காலி டின்னையும் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு காஃபின் என்று மருத்துவர் உடனே கணக்கிட அது உதவும்.

கேள்வி: சர்க்கரை இல்லாத வகை பாதுகாப்பானதா?

பதில்: சர்க்கரை மட்டும்தான் இல்லை. காஃபின் அப்படியே இருக்கிறது, அமிலமும் இருக்கிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (pH) எண் 5.5-க்குக் கீழே போனால் பல் எனாமல் கரையத் தொடங்கும்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். இந்தப் பானங்கள் 3-ஐ ஒட்டியவை. குடித்ததும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள். இளகிய எனாமலை பிரஷ் தேய்த்தெடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

கேள்வி: மதுவோடு கலந்து குடித்தால் போதை ஏறாது என்கிறார்களே?

பதில்: போதை ஏறும், ஏறியது தெரியாது. இரத்தத்தில் மதுவின் அளவு துளியும் குறையாது. தள்ளாட்டமும் தூக்கமும் தெரியாததால் இன்னும் குடிப்பார்கள், "நிதானமாகத்தான் இருக்கிறேன்" என்று வண்டியை எடுப்பார்கள். காஃபின் சேர்த்த மது பானங்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களை 2010 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்ததும் இதனால்தான்.

கேள்வி: கருவுற்றிருக்கிறேன். முழுவதும் நிறுத்த வேண்டுமா?

பதில்: எனர்ஜி டிரிங்கை முழுவதும் நிறுத்துங்கள். காபி, தேநீர் சேர்த்து மொத்தக் காஃபின் நாளைக்கு 200 மி.கி.க்குள் இருக்கட்டும். காஃபின் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும், அதைச் சிதைக்கும் நொதி குழந்தையிடம் இல்லை. பேறுகாலம் நெருங்கும்போது உங்கள் உடலிலேயே அது பாதியாகக் குறைய 15 மணி நேரம் வரை ஆகலாம். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் இதே அளவைக் கடைப்பிடியுங்கள்.

கேள்வி: தினமும் இரண்டு பெரிய டின் குடிக்கிறேன். நிறுத்தினால் தலை வெடிக்கிறது. எப்படி விடுவது?

பதில்: ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும். இரண்டிலிருந்து ஒன்பது நாள் வரை நீடிக்கும். சோர்வும் எரிச்சலும் கூடவே வரும். உடம்பு காஃபினுக்குப் பழகிய அறிகுறி இது, வேறு நோயல்ல.

நீங்கள் எடுப்பது நாளைக்குச் சுமார் 320 மி.கி. மூன்று நாளைக்கு ஒரு முறை 80 மி.கி. குறையுங்கள். முதல் மூன்று நாள் ஒரு பெரிய டின், ஒரு சின்ன டின். அடுத்த மூன்று நாள் ஒரு பெரியது மட்டும். பிறகு ஒரு சின்னது. அதன்பின் அதற்குப் பதில் காலையில் ஒரு கப் தேநீர். குறைக்கும்போது மாலை டின்னை முதலில் எடுத்துவிடுங்கள், அன்றிரவே தூக்கம் சற்று மேம்படும். தலைவலிக்கு மாத்திரை வாங்கினால் அட்டையில் காஃபின் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல தலைவலி மாத்திரைகளில் அது உண்டு. அப்படியிருந்தால் காஃபின் சேராத பாராசிட்டமாலைக் கேட்டு வாங்குங்கள்.