தொண்ணூறு ரூபாய் எஸ்எம்எஸ்

கேள்வி: கனடாவிலிருந்து மகள் பார்சல் அனுப்பியிருந்தாள். "முகவரி பிழை, 90 ரூபாய் கட்டவும்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் எஸ்எம்எஸ் வந்தது. லிங்கைத் திறந்து டெபிட் காட் இலக்கம், பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் எல்லாம் கொடுத்துவிட்டேன். ஓடிபி வந்ததும் ஏனோ பயந்து போனை மூடிவிட்டேன். காசு போகவில்லை. இனிப் பயமில்லைதானே?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: பயம் இருக்குது அம்மா. இதை மடித்து வைத்துவிட்டு, காட்டின் பின்பக்கம் இருக்கும் வங்கியின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து, காட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு வந்து மிச்சத்தை வாசிக்கலாம்.

ஓடிபி கேட்காமலே காசை எடுக்கும் வெளிநாட்டுத் தளங்கள் உண்டு. உங்கள் காட் இலக்கம் இப்போது அவர்கள் கையில்.

அந்த ஓடிபி எஸ்எம்எஸ்ஸை அழிக்கவில்லையென்றால் முழுக்க வாசித்துப் பாருங்கள். எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்று பல வங்கிகள் அதிலேயே எழுதி அனுப்பும். அங்கே 90 ரூபாய் இருக்காது என்றே நினைக்கிறேன். ஓய்வுபெறும்வரை காட் பிரிவில் இருந்தவன் நான். முறைப்பாட்டோடு வந்தவர்கள் பலரும் ஆறு இலக்கத்தைப் பார்த்திருந்தார்கள், பக்கத்திலிருந்த தொகையைப் பார்க்கவில்லை. இப்போது போனே அந்த இலக்கத்தை எடுத்து நிரப்பிவிடுகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை, நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நாளைக்கே "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று ஒருவர் எடுத்து, உங்கள் காட் இலக்கத்தைப் பிழையில்லாமல் வாசித்துக் காட்டலாம். நம்பிவிடாதீர்கள், அது நீங்கள் கொடுத்ததுதான். வைத்துவிட்டு நீங்களே வங்கிக்கு எடுங்கள்.

அந்த லிங்கைப் பற்றி 101க்கு எடுத்து, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டுக்குச் சொல்லலாம். காசு போய், வங்கிக்கு எழுத்தில் முறையிட்டும் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் 1935 இருக்கிறது.

லிங்கை எப்படி இனங்காண்பது? கடித உறையில் ஊர்ப்பெயர் கடைசி வரியில்தானே இருக்கும். இங்கேயும், தொடக்கத்தில் https:// இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் பாருங்கள். நம் தபால் திணைக்களத்தின் முகவரி அந்த இடத்தில் 'கவ் டொட் எல்கே' என்று முடியும். முன்னால் 'போஸ்ட்' என்று யாரும் போட்டுக்கொள்ளலாம்.

பார்சலா? மகளிடம் அனுப்பிய இலக்கத்தைக் கேளுங்கள். கனடாத் தபாலில் போட்டிருந்தால் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் 'சிஏ' என்று இருக்கும். அதை எழுதிக்கொண்டு வெள்ளவத்தைத் தபால் கந்தோருக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள்.