கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம்: 845-ஆ, 1060-களா?

வணக்கம்,

இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், சிப்பிங் ஓங்கருக்கு அருகே உள்ள கிரீன்ஸ்டெட் தேவாலயத்தின் மரச்சுவர் 845-ஐச் சேர்ந்தது என்று பழைய கையேடு ஒன்றில் படித்தேன். இப்போது 1060-க்குப் பிறகு என்கிறார்கள். அறிவியல் முறையிலேயே இருநூறு வருடம் எப்படிப் பிசகும்? சுவருக்கு அடியில் இருக்கும் செங்கலும் பழையதுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிந்தைய கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 845 என்பது 1960-இல், மரத்துக்குள் ஆண்டுக்கு ஒன்றாக உருவாகும் மரவளையங்களைக் கொண்டு சொன்னது. வளையங்களை எண்ணினால் மட்டும் ஆண்டு கிடைத்துவிடாது. அகலமும் குறுகலுமாக மாறி வரும் அவற்றின் வரிசையை, காலம் தெரிந்த வேறு ஓக் மரங்களின் தொடரோடு பொருத்த வேண்டும். இங்கிலாந்தில் அன்று அந்தத் தொடர் போதுமான அளவு வளர்ந்திருக்கவில்லை. 1995-இல் மீண்டும் பொருத்தியபோது, எஞ்சியிருந்த கடைசி வளையம் 1053 என்று வந்தது.

ஆனால் மரத்தை வெட்டிய ஆண்டு அது அல்ல. வைரம் எனும் கெட்டியான உள்மரத்துக்கு வெளியே இருந்த வெளிறு, அதாவது மென்மையான வெளிமரம், போய்விட்டது. தச்சர் அதைச் செதுக்கி எறிவார். விட்டுவைத்தாலும் வண்டு அரிக்கும். ஓக்கில் வெளிறுக்கு 10 முதல் 55 வளையம் கணக்கிட்டார்கள், கூட்டினால் 1063–1108. பட்டையோடு ஒரே ஒரு கட்டை கிடைத்திருந்தால்கூட ஆண்டைத் துல்லியமாகச் சொல்லியிருக்கலாம். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மன்கள் வந்து, அதுவரை ஆண்ட சாக்சன்களிடமிருந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிவிட்டார்கள். ஆக, இது அவர்களுடைய ஆட்சியில் சாக்சன் முறைப்படி எழுந்த சுவராகவும் இருக்கலாம். எனக்கு 845-ஐவிட இதுவே பெரிய செய்தி.

1013-இல், 9-ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட அரசரான புனித எட்மண்டின் உடல் லண்டனிலிருந்து திரும்பும் வழியில் இங்கே தங்கியதாக ஒரு மரபு உண்டு. அது உண்மையானால், தங்கியது இந்தச் சுவர்களுக்குள் அல்ல, முந்தைய கட்டடம் ஒன்றில். பலிபீடப் பகுதியின் தரைக்கடியில் இதற்கும் மூத்த மரக்கட்டடங்களின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

சுவர் கட்டிய விதம் எளிமையானது, கெட்டியானது. ஓக் மரத்தை நெடுக இரண்டாகப் பிளந்து, உருண்ட பக்கம் வெளியேயும் தட்டைப் பக்கம் உள்ளேயும் வருமாறு வரிசையாக நிறுத்தினார்கள். ஒவ்வொரு கட்டையின் விளிம்பிலும் காடி, அதாவது நீளவாட்டுப் பள்ளம், எடுத்து, இரண்டு காடிக்கும் நடுவே மெல்லிய ஓக் பட்டியைச் செருகினார்கள். பச்சை மரம் காயும்போது சுருங்கி இடைவெளி விடும். பட்டி இருப்பதால் காற்றும் மழையும் நேராக உள்ளே புகாது.

இந்த முறைக்குப் பலவீனம் அடிமுனையில். செங்குத்தாக நிற்கும் கட்டையின் வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சும். தரையை ஒட்டிய இடத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்தே கிடைப்பதால் முதலில் அங்கேதான் உளுத்துப்போகும். இங்கேயும் அப்படித்தான் ஆனது. 1848-இல் தொடங்கிய சீரமைப்பில் உளுத்த அடிப்பகுதியை அறுத்துவிட்டு, புதிய அடிச்சட்டத்தின்மேல் கட்டைகளை நிறுத்தினார்கள். நீங்கள் கேட்ட செங்கல் வரிசை அப்போது அதற்கடியில் வைத்தது. பலிபீடப் பகுதியின் செங்கல் வேறு. அது 1500 வாக்கிலான, டியூடர் அரச வம்சக் காலத்து வேலை. கூரையில் துருத்தி நிற்கும் சன்னல்களை முதலில் வைத்ததும் டியூடர் காலத்தில்தான்.

கட்டைகள் குட்டையாகிவிட்டதால், இன்றைய மரச்சுவரை அளந்து பழைய தேவாலயத்தின் உயரத்தைச் சொல்ல முடியாது.