திருத்தம் சரி, ஏன் ஏற்கவில்லை?

கேள்வி: நான் பயன்படுத்தும் ஒரு திறமூல நிரல் நூலகம் சில தேதிகளைத் தவறாகப் படித்தது. அந்த வழுவை (நிரல் பிழையை) கண்டுபிடித்துத் திருத்தினேன். கூடவே பழைய கோப்புகளின் இடைவெளிகளையும் மாறிகளின் பெயர்களையும் சீராக்கி, 43 கோப்புகளில் செய்த மாற்றங்களை ஒரே புல் ரிக்வெஸ்டாக, அதாவது மாற்றங்களை ஏற்கக் கோரும் விண்ணப்பமாக, அனுப்பினேன். பராமரிப்பாளர், "பிரித்து அனுப்புங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டார். இரண்டு வார உழைப்பு வீண்தானா?

பதில்: உழைப்பு வீணாகவில்லை, ஆனால் அவர் கேட்டது நியாயமே. வழுவை உண்மையில் தீர்த்த வரிகள் இருபதுக்குள் இருக்கக்கூடும். இடைவெளி மாறியதாலேயே புதியவையாகத் தெரியும் ஏராளமான வரிகளுக்கு நடுவே அந்த இருபதைத் தேடிப் படித்து, அவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் அவர். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் வழுவை நினைத்துப் பாருங்கள். வந்த செய்தியின் உண்மையான நீளமும் அதில் குறிப்பிடப்பட்ட நீளமும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க விட்டுப்போன அந்த நிரல், நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டுப் பரிசீலனையையும் கடந்து, இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.0.1 பதிப்பில் 2012 மார்ச்சில் வெளியானது. இரண்டு ஆண்டுகள் அது வெளியே தெரியவில்லை. கவனமாகப் படித்தவர் கண்ணுக்கே தப்பக்கூடியது, படிக்கவே முடியாத மாற்றத்தில் எளிதாகத் தப்பிவிடும்.

பிரிப்பதால் பின்னாளிலும் பயனுண்டு. ஒரு வழு எந்தக் கமிட்டில் (பதிவு செய்த மாற்றத்தில்) நுழைந்தது என்று, நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில், அந்த வரலாற்றைப் பாதி பாதியாகக் குறைக்கும் பைசெக்ட் கட்டளையால் தேடினால், ஆயிரம் கமிட்டுகளில்கூட ஏறத்தாழப் பத்துச் சோதனைகளில் அது அகப்படும். அகப்பட்ட கமிட் 43 கோப்புகளை மாற்றியிருந்தால், தேடல் அங்கிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கும். ஒரு வரியை யார், எதற்காக எழுதினார் என்று பிளேம் கட்டளையால் பார்ப்பவருக்கும், இடைவெளியை மட்டும் மாற்றிய உங்கள் பெயரே எங்கும் தெரியும். வடிவமைப்பு மாற்றம் தனிக் கமிட்டாக இருந்தால், அதை விலக்கிவிட்டுப் பார்க்கும் வசதி 2019 முதல் கிட்டிலேயே இருக்கிறது.

ஆகவே முதன்மைக் கிளையிலிருந்து (திட்டத்தின் மைய நிரல் வரிசையிலிருந்து) புதிய கிளையொன்றைப் பிரித்து, தேதித் திருத்தத்தை மட்டும் அதில் வையுங்கள். கிட்டின் ஆட் கட்டளை, ஒரே கோப்பில் உள்ள மாற்றங்களைத் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுக்க விடும் என்பதால் எதையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. திருத்தத்துக்கு முன் தோற்று, பின் வெற்றி பெறும் ஒரு சோதனை நிரலையும் சேர்த்துவிடுங்கள். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான், ஏனெனில் நீங்கள் அத்திட்டத்தை விட்டு விலகிய பிறகும் அதே வழு திரும்பி வராமல் காப்பது அந்தச் சோதனையே. கமிட் செய்தியில், எந்தத் தேதி எப்படித் தவறாகப் படிக்கப்பட்டது, ஏன் இந்த வழியில் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். திருத்தத்தில் ஏதேனும் ஒரு பகுதி வேறு திட்டத்திலிருந்து எடுத்ததாக இருந்தால், அதன் உரிமம் இத்திட்டத்தின் உரிமத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து, எடுத்த இடத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

மாறிகளின் பெயர்களை மாற்றும் விஷயத்தில் முதலில் கருத்துக் கேட்பதே முறை. அதே கோப்புகளில் வேலை செய்துகொண்டிருக்கும் மற்றவர்களின் கிளைகள் உங்கள் மாற்றத்தோடு மோதும். அதைச் சரிசெய்யும் நேரம் அவர்களுடையது. வேண்டாம் என்று முடிவானால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

புதிய புல் ரிக்வெஸ்ட் தயாரானதும் அதன் இணைப்பைப் பழையதில் குறிப்பிட்டு, பழையதை நீங்களே மூடிவிடுங்கள்.