மேகத்தில் கிடக்கும் கோப்புகளை வீட்டுக்குக் கொண்டு வருவது: சுங்கை சிப்புட்டில் கேட்ட கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஆட்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "தம்பி, இடம் நிரம்பிடுச்சுன்னு காட்டுது, மாசாமாசம் பணம் கட்டச் சொல்லுது" என்பார்கள். மேகம் என்று நான் சொல்வது ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி இணையத்தில் கோப்புகளை வைக்கும் இடங்களை. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, அங்கே இருப்பதைச் சொந்தக் கணினிக்கு இறக்குவது பற்றி மட்டும் பேசினோம். அங்கே கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதியிருக்கிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்: ஒன்டிரைவில் 5 ஜிபி நிரம்பிவிட்டது. கணினியில் இடம் தாராளமாக இருக்கிறது. பேக்கப்பை நிறுத்தினேன், உடனே டாக்குமெண்ட்ஸ் காலியாகிவிட்டது. பத்து வருடப் பாடக்குறிப்பு, டீச்சர் வேலையே போன மாதிரி இருக்கிறது.

டீச்சர், எதுவும் போகவில்லை, முதலில் மூச்சு விடுங்கள். பேக்கப் ஓடும்போது விண்டோஸ் உங்கள் டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் என்ற கோப்புறைக்குள் தூக்கி வைத்துவிடுகிறது. நிறுத்தும்போது பல கணினிகளில் கோப்புகள் அங்கேயே தங்கிவிடும். பழைய இடம் மட்டும் காலியாகத் தெரியும். ஒன்டிரைவ் கோப்புறைக்குள் போய்ப் பாருங்கள், எல்லாம் அங்கே இருக்கும்.

அடுத்து ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் உள்ள சின்னப் படத்தைப் பாருங்கள். வெறும் கோட்டில் வரைந்த நீல மேகம் என்றால் பெயர் மட்டும்தான் உங்களிடம், கோப்பு இணையத்தில் ஒன்டிரைவிடம். வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் கோப்பு இறங்கியிருக்கிறது, ஆனால் இடம் போதாமல் போனால் விண்டோஸ் மறுபடி மேலே அனுப்பிவிடலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால்தான் அது நிரந்தரமாக உங்கள் கணினியில் உட்கார்ந்திருக்கிறது. கோப்புறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் முழுப் பச்சையாகும் வரை காத்திருங்கள்.

அப்புறம் அவற்றைச் சொந்த டாக்குமெண்ட்ஸுக்கு *காப்பி* செய்யுங்கள். கட் செய்து ஒட்டினால் ஒன்டிரைவிலிருந்தும் போய்விடும். நடுவில் ஏதாவது தடங்கல் வந்தால் எது எங்கே நின்றது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். காப்பி முடிந்ததும் இரண்டு கோப்புறைகளின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து கோப்பு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். தோட்டத்தில் விடியக்காலை பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணின மாதிரி எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால், வைஃபையை அணைத்துவிட்டு நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். இணையம் இல்லாமல் திறந்தால்தான் அது உங்களுடையது.

அதே ஆசிரியை: அப்புறம் மேலே இருப்பதை அழிக்கலாமா?

இரண்டு வாரம் போகட்டும், டீச்சர். இதில் அவசரப்பட்டு ஒருமுறை நான் இழந்திருக்கிறேன். எங்கள் லயத்து வீட்டை இடிப்பதற்கு முன்னால் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் படம், பின்னால் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டுக் கொய்யா மரமும் தெரியும். கணினியில் இடம் பிடிக்கிறதே என்று அந்தக் கோப்புறையை அழித்தேன். மேகத்தில் இன்னொரு பிரதி இருப்பதாக நினைத்தேன். ஒத்திசைவு என்றால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. குப்பைத்தொட்டியில் 30 நாள் இருந்தது, நான் பார்த்தது அதற்குப் பிறகு. இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் சொல்கிறேன்: இறக்கு, எண்ணு, திறந்து பார், கடைசியில்தான் அழி.

ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஐயா: பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) பக்கங்கள், முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரங்கள் எல்லாவற்றையும் மகன் படமெடுத்து கூகுளில் போட்டுவிட்டான். மொத்தமாக எப்படி இறக்குவது?

ஐயா, அதற்கு கூகுளே 'டேக்அவுட்' என்ற வழியை வைத்திருக்கிறது. கணக்குக்குள் போய் எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் ஜிப் கோப்புகளாகக் கட்டி மின்னஞ்சலில் இணைப்பு அனுப்புவார்கள். இணைப்பு ஒரு வாரம்தான் செல்லும். மின்னஞ்சல் வந்ததைப் பார்க்காமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

ஒரு ஜிப் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்றும் அது கேட்கும். 50 ஜிபி வரை விருப்பம் உண்டு. நம் ஊருக்கு 2 ஜிபி அல்லது 4 ஜிபி போதும். மதியத்துக்கு மேல் இடி இடித்தால் மின்சாரம் போகும், லைன் அறும். 50 ஜிபி கோப்பு 45இல் நின்றால் முழுவதும் வீண். சின்னச் சின்னதாக இருந்தால் அறுந்ததை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

படங்களோடு ஜேசன் என்ற பெயரில் சின்னக் கோப்புகளும் வரும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கூகுள் போட்டோஸில் நீங்கள் திருத்திய தேதி, எழுதிய குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது. செக்ரோல் பக்கத்துக்கு எந்த வருடம் என்று எழுதியிருந்தால், அது படத்துக்குள் இல்லை, அந்தக் கோப்புக்குள் இருக்கிறது.

அசல் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்தானே ஐயா? பத்திரத்துக்குப் படம் ஈடாகாது.

இளைஞர் சங்கத் தம்பி: கூகுள் டாக்ஸ் கோப்புகளைப் பெண்டிரைவில் காப்பி செய்தேன் அண்ணே. ஒவ்வொன்றும் ஒரு கேபிகூட இல்லை. திறந்தால் பிரௌசர்தான் திறக்கிறது.

நீ காப்பி செய்தது முகவரிச் சீட்டு தம்பி, வீடு இல்லை. கணினியில் தெரியும் கூகுள் டாக்ஸ் கோப்புக்குள் எழுத்து எதுவும் கிடையாது, இணையத்தில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான். பிரௌசரில் கூகுள் டிரைவைத் திறந்து, கோப்புறையைத் தேர்ந்தெடுத்து 'டவுன்லோட்' கொடு. வேர்ட், எக்செல் வடிவத்துக்கு மாறி ஜிப்பாக வரும். சங்கத்துக் கணக்கு வழக்கு என்றால் கூட்டல் சூத்திரங்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்.

கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன்: 6 ஜிபி வீடியோ, 64 ஜிபி பெண்டிரைவ். இடம் இல்லை என்கிறது!

உங்கள் பெண்டிரைவ் ஃபேட்32 என்ற வடிவத்தில் இருக்கும், அண்ணே. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். அதற்கு முன் உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், ஃபார்மேட் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்: 100 ஜிபி இறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

உங்கள் லைன் நொடிக்கு 30 மெகாபிட் என்றால் ஏறக்குறைய ஏழரை மணி நேரம், அதுவும் வேகம் குறையாமல் இருந்தால். இரவு படுக்கப் போகும்போது போட்டுவிடுங்கள். கணினி தூங்காதபடி 'ஸ்லீப்' அமைப்பை மாற்றி வையுங்கள். பலர் அதை மறந்துவிட்டு விடிந்ததும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஓர் அக்கா: வாட்ஸ்அப் காப்பும் கூகுளில்தானே இருக்கிறது, அதையும் இறக்கிவிடலாமா?

முடியாது அக்கா. அது கைப்பேசிக்குத் திருப்பி ஏற்ற மட்டும்தான் உதவும், கணினியில் திறக்காது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அந்தக் காப்பும் இப்போது கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தில் சேர்த்து எண்ணப்படுகிறது. படங்கள் வேண்டுமென்றால் கைப்பேசியைக் கேபிளில் செருகுங்கள். 'ஆண்ட்ராய்டு' கோப்புறைக்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப் என்று இருக்கும். அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள்.

அதே அக்கா, கொஞ்சம் தயங்கி: அப்பா போய் ஒன்றரை வருடமாகிறது. அவர் படங்களெல்லாம் அவருடைய கூகுள் கணக்கில் இருக்கின்றன. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அவர் கைப்பேசி மட்டும் இருக்கிறது, இன்னும் திறக்கிறது.

அக்கா, இதை இந்த வாரமே செய்யுங்கள். இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் அழிக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி நடப்பில் இருக்கிறது. கைப்பேசியை மட்டும் எக்காரணம் கொண்டும் ரீசெட் செய்யவோ, கணக்கிலிருந்து வெளியேறவோ வேண்டாம். தம்பி தங்கச்சி யாராவது பழசு என்று விற்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் போட்டோஸ் செயலியைத் திறங்கள். படங்களை ஆல்பமாகச் சேர்த்து உங்கள் கணக்குக்குப் பகிருங்கள். பகிர்ந்தால் மட்டும் போதாது, உங்கள் கணக்கில் 'சேவ்' கொடுக்க வேண்டும், அப்போதுதான் அப்பா கணக்கு மூடினாலும் உங்களிடம் நிற்கும். உங்கள் கணக்கிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளலாம். மற்றபடி, இறந்தவர் கணக்கு பற்றி குடும்பத்தார் விண்ணப்பிக்க கூகுளில் ஒரு படிவம் இருக்கிறது. ஆவணம் கேட்பார்கள், கடவுச்சொல் தரமாட்டார்கள், தரவு தருவதும் அவர்கள் முடிவுதான்.

கைப்பேசியையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே கடைக்கு வாருங்கள். காசெல்லாம் வேண்டாம், உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவோம்.