‘ஐ ஃபீல் லவ்’ எப்படி உருவானது? டெல்டா நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்கப் பாடகி டோனா சம்மர் பாடி 1977-ல் வந்த ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை மேடையில் போட ஆசைப்படும் நம் மெல்லிசைக் குழு நண்பர்கள் கேட்டவை இவை.

கும்பகோணம், கீபோர்டு கலைஞர்: அண்ணே, எவ்வளவு வேகமாக வாசித்தாலும் அந்த பேஸ் (கீழ் ஸ்தாயி) ஓட்டம் வரவில்லையே?

வேகமே வேண்டாம் தம்பி. மியூனிக்கில் பாட்டைத் தயாரித்த ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லோட்டும் ‘மூக்’ (Moog) என்ற மின்னணு இசைக்கருவியான சின்தசைசரை வாசிக்க வைத்தது, நம் காதில் விழுவதில் பாதிதான். அதையே டிலேயில், அதாவது ஒலியைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பித் தரும் கருவியில் விட்டு, அசலை ஒரு ஸ்பீக்கரிலும் எதிரொலியை மற்றதிலும் வைத்தார்கள். ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றிக் கேளுங்கள், ஓட்டம் நொண்டும். ஒரு அடிக்கு இரண்டு ஸ்வரம் வாசித்து, டிலேயைக் கால் அடிக்கு வையுங்கள். எதிரொலி ஒரே தடவை வந்தால் போதும். திருவிழா மேடையில் பெரும்பாலும் மோனோதான், எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. இட வலப் பிரிவு காணாமல் போகும், ஓட்டம் போகாது.

மன்னார்குடி, தவில் கலைஞர்: எல்லாம் மெஷின்தானா?

இல்லை ஐயா. சளசளவென்ற ஹைஹாட் (ஜால்ரா மாதிரியான டிரம் தட்டு) சத்தம் மூக் சின்தசைசரிலிருந்து வந்தது, ரேடியோவில் ஸ்டேஷன் விலகினால் கேட்கும் இரைச்சல் மாதிரி. ஆனால் கிக் டிரம்மைக் காலால் மிதித்தவர் கீத் ஃபோர்சி. இம்மியும் நகராத மெஷினோடு, மோரா தீர்மானம் எதுவும் இல்லாமல், ஒரே அடியைக் கடைசிவரை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

மயிலாடுதுறை: அந்தக் காலத்து மூக் சின்தசைசரில் சுருதி விலகாதா?

விலகியது. கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள், நிறுத்திச் சுருதி சேர்ப்பார்கள், மறுபடி ஓட்டுவார்கள். டேப்பில் ஒரு டிராக்கில் பல்ஸை, அதாவது தாளம் காட்டும் துடிப்பைப் பதிந்து, மூக் சின்தசைசரை அதோடு பூட்டியவர் பொறியாளர் ராபி வெடல். அதனால்தான் துண்டுகள் தாளம் பிசகாமல் சேர்ந்தன. அவர் பெயரை அதிகம் பேர் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

திருவாரூர்: வந்ததுமே ஹிட்டா?

முதலில் வேறொரு பாட்டின் இசைத்தட்டில் பி சைடு, அதாவது பின்பக்கம். அப்புறம்தான் முன்பக்கம் வந்தது. பிரிட்டனில் 1977 ஜூலையில் முதலிடம், நாலு வாரம். அமெரிக்காவில் ஆறாவது இடம்வரை.

பட்டுக்கோட்டை: எங்கள் குழுத் தங்கைக்கு மேல் ஸ்தாயியில் தொண்டை கட்டுகிறது, சார்.

அழுத்திப் பாடுவதால்தான். டோனா சம்மர் இதில் குரலைச் சன்னமாக்கி, சொற்களை இழுத்து மிதக்க விடுகிறார். மைக்கை நெருக்கமாக வைத்து மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். பேஸ் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், அதோடு போட்டி போடவேண்டாம் என்று தெரிந்தாலே குரல் இளகிவிடும்.