படம் காட்டி ஆங்கிலம் எழுத வைத்தால் பெயர்ப் பட்டியல் மட்டும் வருவது ஏன்?

தமிழ்வழி ஆறாம் வகுப்பில் ஒரு படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் மாணவர்கள் 'பாய், டாக், ட்ரீ' என்றே எழுதுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒற்றைப் படத்தில் எதுவும் நகர்வதில்லை, அதனால் பெயர்கள்தான் வரும். ஒரு நிகழ்வை 4 படங்களாகக் கொடுங்கள். முதல் 5 நிமிடம் இருவர் இருவராகக் கதையைப் பேசட்டும். தமிழில் பேசினாலும் தடுக்காதீர்கள், கதை பிடிபட்டால்தான் எழுத்து வரும்.

பிறகு வாக்கியத்தை அடுக்க, சொற்கள் எழுதிய 3 நிற அட்டைகள்: யார் என்பதற்கு நீலம், வினைக்குச் சிவப்பு, எதை என்பதற்குப் பச்சை. தமிழில் வினை கடைசியில் நிற்பதால் 'பாய் மேங்கோ ஈட்ஸ்' என்றுதான் முதலில் அடுக்குவார்கள். சிவப்பை அவர்களே நடுவுக்கு நகர்த்தட்டும். 'ஷி டீச்சர்' பிழையும் இப்படித்தான் பிடிபடும்: 'அவர் ஆசிரியர்' என்பதற்குத் தமிழில் வினை தேவையில்லை, ஆங்கிலத்தில் 'இஸ்' வர வேண்டிய சிவப்பு இடம் காலியாகத் தெரியும். எழுதத் தொடங்கியதும் அட்டைகளை எடுத்துவிடுங்கள், படங்கள் இருக்கட்டும்.