தம்பி விழுங்கிய மூன்று சொற்கள்

கேள்வி: தம்பி நான்கு மாதமாகக் கல்விக்கடன் தவணை கட்டவில்லை. அவன் ஆதரிக்கும் கட்சியின் தேர்தல் அறிக்கையை நம்பியிருக்கிறான். 'கல்விக்கடனைத் தள்ளுபடி செய்ய உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அதில் இருக்கிறது. அப்பாவிடம் 'தள்ளுபடி செய்வோம்' என்று வாசித்துக் காட்டினான். ஜாமீன் கையெழுத்து அப்பாவுடையது. தினமும் சண்டை. இருவரையும் எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: சமாதானம் கிடக்கட்டும். தம்பி மாற்றி வாசித்தபோது அசல் வரி உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் வாயைத் திறக்கவில்லை? அக்கா என்றால் அந்த இடத்தில் பேசியிருக்க வேண்டும்.

அவன் விழுங்கிய மூன்று சொற்களில்தான் விஷயமே இருக்கிறது. 'செய்வோம்' என்றால் செய்பவர் யாரென்று தெரியும், நாளைக்கு நின்று கேட்கலாம். 'செய்யப்படும்' என்றதும் ஆள் மறைந்துவிடுகிறார். 'நடவடிக்கை எடுக்கப்படும்' அதற்கும் கீழே. ஒரு குழு அமைத்தாலே வாக்கு நிறைவேறியதாகிவிடும், கடன் அப்படியே இருக்கும். 'வலியுறுத்துவோம்' என்றால் அதிகாரம் வேறொருவர் கையில். 'முடியும்' தெம்பு தரும், தேதி தராது.

இருந்தும் ஏன் நம்புகிறோம்? நம் வாக்கியத்தில் 'தள்ளுபடி' முன்னால் வந்துவிடுகிறது, வினை கடைசியில் வருகிறது. கடன்பட்டவன் மனம் முதல் சொல்லிலேயே நிறைந்துவிடும். மீதியைத் தனக்கு வேண்டியபடி அவனே முடித்துக்கொள்வான். தம்பி பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி 2010 அறிக்கையில், நிகரக் குடியேற்றத்தை (நாட்டுக்குள் குடியேறுவோரில் வெளியேறுவோரைக் கழித்த எண்ணிக்கையை) ஆண்டுக்கு லட்சத்துக்குக் கீழே கொண்டுவர 'நடவடிக்கை எடுப்போம்' என்றது. ஆட்சிக்கும் வந்தது. 2015இல் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவ்வாண்டு அறிக்கையில் அதே இலக்கு 'லட்சியம்' ஆனது, 2017இல் 'குறிக்கோள்' ஆனது. இலக்கு அப்படியே நின்றது, அதைத் தாங்கிய சொல்தான் தளர்ந்துகொண்டே போனது.

இன்று இரவே அறிக்கையைத் தம்பி கையில் கொடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் முற்றுவினையைக் கோடிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாசிக்கட்டும். யார், எந்தத் தேதிக்குள், எந்தக் கடனுக்கு, எவ்வளவு என்று ஓரத்தில் எழுதட்டும். பதில் இல்லாத வரியை வீட்டு வரவில் சேர்க்காதீர்கள். 'செய்வோம்' என்றே இருந்தாலும் 'படிப்படியாக', 'தகுதியுள்ளோருக்கு', 'நிதிநிலைக்கேற்ப' ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் அந்த 'வோம்' பாதி வலுவிழந்தது. கட்சியை மட்டும் திட்டாதீர்கள். திட்டினால் அவன் கட்சிக்காக வாதாடுவான், வினையைப் பார்க்க மாட்டான்.

பிள்ளை படிக்கட்டும் என்று கையெழுத்துப் போட்ட தகப்பனை வங்கிக்காரர் கேள்வி கேட்கும்படி விடுவது பெரும் தவறு. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நிலுவை 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன், நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். இந்த வாரமே தம்பியோடு வங்கி மேலாளரைப் பாருங்கள். கட்டக்கூடிய அளவுக்குத் தவணையை மாற்றித் தரக் கேளுங்கள். அங்கே 'நிலுவை கட்டப்படும்' என்று அவன் எழுதிக் கொடுக்க விடாதீர்கள். 'மாதம் இந்தத் தேதியில் இவ்வளவு கட்டுவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.